மூப்பெய்திய விண்மீன்களும் மேசர் அலைகளும்

1596ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வடகடலை அடுத்த பிரிசியா நாட்டிற் சமய போதகராயிருந்த டேவிட் பபிரிசியசு என்பார் திமிங்கில மண்டலத்தில் முன்பு தாம் கண்டறியாத விண்மீன் ஒன்றைக் கண்டார். சில வாரங்களில் அது மங்கி மறைந்தது. புதிதாய்த் தோன்றி அழிந்த விண்மீன் போலும் என எண்ணியிருந்தவர் 1609இல் அதனை மீண்டும் அவ்விடத்திலேயே கண்டார். 1638இல் ஒல்லாந்தரான ஒல்வார்தா என்பார் அது ஏறத்தாழப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கும் இயல்பினது என்பதைக் கண்டு கூறினார். பின்னர் எவேலியசு அதற்கு மைரா எனப் பெயரிட்டார். வியக்கத்தக்கது என்பது அப்பெயரின் பொருள். ஒளிமிக்க காலத்தில் வெறுங்கண்ணுக்குப் புலப்படும் மைரா, மங்கிய காலத்தில் தொலைகாட்டியின் துணையின்றிப் புலப்படாது. அதன் ஆவர்த்தன காலம் 332 நாள் என்பது இன்றைய கணிப்பு.

மைராவைப் போன்ற விண்மீன்கள் பல்லாயிரம் இன்று அறியப்பட்டுள்ளன. இவை யாவும் மூப்பெய்தியவை. ஞாயிற்றை ஒத்த விண்மீனொன்று தன் மையத்திலுள்ள ஐதரசனை எரித்து முடித்து, பின்னர் ஈலியத்தையும் எரித்து முடித்தபின், அதன் மையம் காபனும் ஒட்சிசனும் கொண்ட சிறிய கருவாய்ச் சுருங்குகிறது. புறப்பகுதியோ மிக விரிந்து குளிர்ந்து செந்நிறம் அடைகிறது. இத்தகைய செம்பூதம் ஒன்றை ஞாயிறு இருக்குமிடத்தில் வைத்தால் அதன் விளிம்பு பூமியின் ஒழுக்கை எட்டும். சில அதனையுங் கடக்கும். அவற்றின் மேற்பரப்பு வெப்பநிலை 3,000 கெல்வின் அளவினதே. பலவற்றில் அதனினுங் குறைவு. பெருமூச்செறிவார் மார்பு போல அவை மாதக்கணக்கில் விம்மித் தணிகின்றன. அவ்விம்முதலே மைராவின் ஒளி ஏற்றத்தாழ்வுக்கு மூலகாரணம்.

இவை தம் உடலையும் இழந்துகொண்டிருக்கின்றன. ஞாயிற்றின் திணிவில் கோடியில் ஒரு பங்கு முதற் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை ஆண்டுதோறும் வாயுவாகவும் தூசியாகவும் இவற்றினின்று வெளியேறுகிறது. ஈற்றிற் புறப்பகுதி முழுதும் போய், கரு மாத்திரம் வெண்குறளி விண்மீனாய் எஞ்சும். வெளியேறிய பொருளிலிருந்தே பின்வரும் விண்மீன்களும் கோள்களும் உருவாகின்றன. பூமியின் பாறைகளில் உள்ள அணுக்களிற் பல இவ்வழி வந்தவையே. ஆதலின் இப்பொருளை விண்மீனின் ஈர்ப்பினின்று பெயர்த்து வெளியே செலுத்துவது யாது என்பது வெறும் ஆராய்ச்சி விநோதமான வினாவன்று. விடை காண்பதற்கு விண்மீனை அடுத்த வாயு எவ்வாறு அசைகின்றது என்று பார்த்தல் வேண்டும். ஆனால் அவ்விடத்தைத் தூசி மறைக்கிறது. தூரமோ நூற்றுக்கணக்கான ஒளியாண்டு. இந்த நிலையிற் கைகொடுத்தவை மேசர் அலைகளே.

மேசர் என்பதை முதலிற் செய்தவர் அமெரிக்கப் பௌதிக அறிஞர் சாள்ஸ் ரவுன்ஸ். 1954இல், நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அவரும் அவர்தம் துணைவரும் அமோனியா மூலக்கூறுகளைக் கொண்டு அதனை இயக்கிக் காட்டினர். அதன் தத்துவத்தைச் சுருக்கமாகக் கூறலாம். மூலக்கூறொன்று தாழ்ந்த சத்தி நிலையிலோ உயர்ந்த சத்தி நிலையிலோ இருக்கலாம். தாழ்ந்த நிலையிலிருப்பது தனக்குரிய அலையை உறிஞ்சி உயரும். உயர்ந்த நிலையிலிருப்பதை அதே அலை தீண்டினால் அது தாழ்ந்து, தீண்டிய அலையை முற்றும் ஒத்த இன்னோர் அலையைக் காலும். இதுவே தூண்டிய காலல். சாதாரண வாயுவில் தாழ்ந்த நிலையினவே மிகுதி. ஆகையால் அலை தேய்கிறது. யாதேனுமொரு காரணத்தால் உயர்ந்த நிலையினவே மிகுதியாகுமாயின், ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய், கூட்டுவட்டிக் கடன் போல அலை பெருகிச் செல்லும். பெருகும் வழி எவ்வளவு நீளமோ அவ்வளவு பெருக்கம். எனினும் ஒரு நிபந்தனை உண்டு: அவ்வழியிலுள்ள மூலக்கூறுகள் யாவும் நோக்குவாரின் திசையில் ஏறத்தாழ ஒரே வேகமுடையனவாய் இருத்தல் வேண்டும். வேகம் வேறுபடின் தொப்பிளர் விளைவால் மீடிறன் மாறும். ஒன்றன் அலையை மற்றது அறியாது. இந்நிபந்தனையே பின்னர்க் கூறப்படுவன யாவற்றுக்கும் திறவுகோலாதலின் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.

1965இற் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரோல்ட் வீவரும் துணைவரும் ஓரியன் முகிலின் திசையில் 18 சதமமீற்றர் அலைநீளமுள்ள வானொலி அலைகளைக் கண்டனர். ஐதரொட்சைல் மூலக்கூற்றுக்குரிய அலைநீளமே எனினும் அவற்றின் செறிவும் ஒழுங்கும் அறியப்பட்ட எவ்விதிக்கும் அடங்கவில்லை. இனந்தெரியாத அப்பொருளுக்கு மிஸ்டீரியம் என்று ஒரு வேடிக்கைப் பெயரும் வழங்கலாயிற்று. அது இயற்கையின் மேசர் என்பது விரைவில் தெளிவாயிற்று. மனிதன் ஆய்வுகூடத்திற் செய்தது விண்ணில் நெடுங்காலமாய் நிகழ்ந்து வந்தது. எனினும் ஆய்வுகூடத்திற் செய்திராவிடின் விண்ணிலுள்ளதை இன்னதென அறிந்திருத்தல் அரிது. 1968இல் வில்சன், பாரெற் என்னும் இருவர் செந்நிறக்கீழ்க் கதிர்களாற் பிரகாசிக்கும் முதிர்ந்த விண்மீன்களிலும் ஐதரொட்சைல் மேசர் உண்டெனக் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் 1.35 சதமமீற்றர் அலைநீளமுள்ள நீராவி மேசரை விண்வெளியிற் கண்டறிந்த குழுவில், கலிபோணியாவுக்குப் பெயர்ந்திருந்த ரவுன்ஸ் அவர்களும் ஒருவர். 1974இற் சிலிக்கனோரொட்சைட்டு மேசரும் வெளிப்பட்டது. பின்னைய இரண்டும் முதிர்ந்த விண்மீன்களிற் பரக்கக் காணப்பட்டன.

இம்மூன்று மூலக்கூறுகளிலும் ஒட்சிசன் இருத்தல் தற்செயலன்று. குளிர்ந்த விண்மீன் வளியில் காபனும் ஒட்சிசனும் சேர்ந்து காபனோரொட்சைட்டாகும். அப்பிணைப்பு மிக வலியது. இரண்டில் எது குறைவோ அது முற்றாக அதில் அடங்கிவிடும். காபன் மிகுந்தால் விண்மீன் கரிப்புகையைச் சூழ்ந்துகொள்ளும். ஒட்சிசன் மிகுந்தால் எஞ்சிய ஒட்சிசன் நீராவியும் சிலிக்கனோரொட்சைட்டும் ஆகி, மேலும் குளிருமிடத்துச் சிலிக்கேற்றுத் தூசியாகும். ஞாயிற்றில் ஒட்சிசனே மிகுதி.

மூன்று மேசர்களும் ஒரேயிடத்தில் எழுவன அல்ல. சிலிக்கனோரொட்சைட்டு மேசர் விண்மீனின் ஆரையைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு தூரத்தில், வாயு வெம்மையும் அடர்த்தியும் உடையதாய் இருக்குமிடத்தில் எழுகிறது. நீராவி மேசர் அதற்கு அப்பால் எழும். ஐதரொட்சைலோ, புறவெளியிலிருந்து வரும் ஊதாக்கடந்த கதிர்கள் நீராவியை உடைக்கும் மிகத் தொலைவான எல்லையில் உண்டாகும். ஒரே ஆற்றின் ஊற்றிலும் நடுவிலும் கழிமுகத்திலும் நட்ட அளவுகோல்கள் போன்றவை இம்மூன்றும்.

கழிமுகத்திலிருந்து தொடங்குதல் எளிது. ஐதரொட்சைல் ஓட்டில் வாயு எத்திசையிலும் ஒரே சீரான வேகத்தோடு விரிகின்றது. ஆதலின் விண்மீனுக்கு நேர் முன்னும் நேர் பின்னுமுள்ள கோட்டில் மாத்திரமே ஒரே வேகமுடைய மூலக்கூறுகள் நெடுந்தூரம் வரிசையாய் அமைகின்றன. முன்புறம் நம்மை நோக்கி வருவது. பின்புறம் அகன்று செல்வது. எனவே நிறமாலையில் இரண்டு கூர்முனைகள் தோன்றும். அவற்றின் இடைவெளியிற் பாதியே விரிவு வேகம். பெரும்பாலும் செக்கனுக்கு 10 முதல் 20 கிலோமீற்றர். இன்னுமொரு நயம் உண்டு. விண்மீன் ஒளிர்ந்து மங்குவதற்கேற்ப மேசரும் கூடிக் குறையும். ஆனால் பின்புறத்து முனை முன்புறத்து முனைக்குச் சில நாளோ சில வாரமோ பிந்தியே கூடிக் குறையும். அப்பிந்துதல் ஓட்டின் விட்டத்தைக் கடக்க அலைக்கு வேண்டும் காலமே. இருபது நாள் பிந்துமாயின் விட்டம் ஏறத்தாழ 52,000 கோடிக் கிலோமீற்றர். அவ்வோட்டின் தோற்றக் கோணத்தையும் வானொலித் தொலைகாட்டிகளால் அளந்துவிட்டால், விண்மீனின் தூரம் பள்ளிக்கூடக் கேத்திரகணிதத்தாற் கிடைக்கிறது.

ஊற்றிடத்து நிலை இத்துணை எளிதன்று. அங்கு வாயு உந்தப்பட்டும் தணிந்தும் தடுமாறுவதால், விண்மீனின் மையத்தூடு செல்லும் பார்வைக் கோட்டில் வேகம் அடிக்கடி மாறும், பெருக்கம் நிகழாது. விளிம்பை உராய்ந்து செல்லும் கோட்டிலேயே ஒத்த வேகம் நெடுந்தூரம் கிடைக்கும். ஆகவே சிலிக்கனோரொட்சைட்டு மேசர் விண்மீனைச் சூழ்ந்த மணிவளையம் போல் தோன்றவேண்டும். அவ்வாறே தோன்றுவதை 1994இல் பிலிப் டயமண்டும் துணைவரும் படம்பிடித்தனர். அவர்கள் பயன்படுத்தியது, அவாய்த் தீவு முதற் கரிபியன் கடல் வரை பரந்து கிடக்கும், 25 மீற்றர் விட்டமுள்ள பத்துத் தொலைகாட்டிகள் ஒன்றாய் இயங்கும் அமைப்பு. ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கை வில்செக்கன் என்பர். அதனை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு கூற்றினும் நுண்ணியதை அது பிரித்தறியும்.

பின்னர் டயமண்டும் அதோல் கெம்போலும் ஒட்டகச்சிவிங்கி மண்டலத்திலுள்ள ரீ.எக்ஸ். கமலோபார்டலிசு என்னும் விண்மீனைத் தேர்ந்தனர். அதன் ஆவர்த்தன காலம் 557 நாள். தூரம் ஆயிரம் ஒளியாண்டுக்கு மேல். 1997 முதல் ஏறத்தாழ இரு வாரத்துக்கொருமுறை அதன் வளையத்தைப் படமெடுத்து, 44 படங்களை வரிசையாய்க் கோத்து 2003இல் ஓர் அசையும் படமாக வெளியிட்டனர். விண்மீனொன்றின் புறவளியின் அசைவு இவ்வளவு தெளிவாக அதற்கு முன்னர்க் காணப்பட்டதில்லை. வளையம் ஒரே சீராய் விரியும் என எதிர்பார்த்தவர்க்கு அது வேறு காட்சியைக் காட்டியது. மணிகள் பெரும்பாலும் வெளிநோக்கிச் செக்கனுக்கு 5 முதல் 10 கிலோமீற்றர் வேகத்திற் சென்றன. ஆனால் செல்லச் செல்ல வேகந் தளர்ந்தன. சில பகுதிகளில் உள்நோக்கி வீழ்வனவும் இருந்தன. வளையத்தின் ஒருபக்கம் மறுபக்கத்தை ஒத்திருக்கவில்லை.

ஈண்டு ஓர் ஐயத்தைத் தீர்த்தல் அவசியம். நெல்வயலிற் காற்று வீசுங்கால் கதிர்களின்மீது அலையொன்று கரை வரை ஓடுகிறது; கதிர்களோ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மேசர் மணியும் ஒரு பொருளன்று. பெருக்கத்துக்கு ஏற்ற நிலை வாய்த்த ஓரிடமே. அது நகர்வதாகத் தோன்றுவது வாயுவின் நகர்வா, ஏற்ற நிலையின் நகர்வா? இவ்வையம் முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுதல் மிகையாகும். எனினும் பல மணிகள் வடிவு குலையாமற் பல படங்களில் தொடர்ந்து காணப்பட்டன. மேலெறிந்த கல் தளர்வது போல அவை தளர்ந்த அளவும் விண்மீனின் ஈர்ப்புக்குப் பொருந்தியது. வெறும் தோற்ற அலை ஈர்ப்புக்குக் கட்டுப்படாது. ஆதலின் பெரும்பாலும் வாயுவின் அசைவே காணப்பட்டது என்று கொள்வது தகும்.

அங்ஙனமாயின் இடர்ப்பாடு மிகுகிறது. ஞாயிற்றின் திணிவுடைய விண்மீனிலிருந்து, பூமியின் ஒழுக்கைப் போல் ஐந்து மடங்கு தூரத்திலுள்ள வாயு தப்பிச் செல்வதற்குச் செக்கனுக்கு 19 கிலோமீற்றர் வேகம் வேண்டும். ஊற்றிடத்து மணிகளுக்கு அதிற் பாதியே உண்டு. எனவே விம்முதலால் மாத்திரம் வாயு வெளியேற இயலாது; உயர்ந்து மீண்டும் வீழும். ஆனால் கழிமுகத்தில் அதே வாயு ஈர்ப்பைக் கடந்து சீராய்ச் செல்கின்றது. இடையிலுள்ள நீராவி மேசர்களோ வெளியே போகப் போக வேகங் கூடுவதைக் காட்டுகின்றன. வளையத்துக்கு வெளியே ஏதோவொன்று வாயுவைத் தள்ளுகிறது. அது தூசி என்பதே பலர் கொள்கை: விம்முதல் வாயுவைக் குளிர்ந்த உயரத்துக்குத் தூக்கும், அங்கே தூசி திரளும், விண்மீனின் ஒளி தூசியை உந்தும், தூசி வாயுவை இழுத்துச் செல்லும்.

கரிப்புகை சூழ்ந்த விண்மீன்களுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. கரி ஒளியை விழுங்கும். ஒட்சிசன் மிகுந்தவற்றிலோ தூசி கண்ணாடி போன்றது. இரும்பு கலந்தால் அது ஒளியை உறிஞ்சிச் சூடேறி விண்மீனுக்கு அருகே ஆவியாகிவிடும். கலவாவிடின் ஒளி அதனூடே தடையின்றிச் செல்லும். தடையின்றிச் செல்லும் ஒளி எதனைத் தள்ளும்? உப்சாலாப் பல்கலைக்கழகத்துச் சுசான் ஓப்னர் 2008இல் ஒரு வழி காட்டினார். தூசித்துகள் போதிய பருமன் உடையதாயின், ஒளியை உறிஞ்சாமலே சிதறச் செய்யும். சிதறும் ஒளியும் உந்தும் என்றார். 2012இற் சிட்னியைச் சேர்ந்த பாணபி நொரிசும் துணைவரும், சில்லியிலுள்ள பெருந்தொலைகாட்டியால், டபிள்யூ ஐதரே, ஆர் டொராடூசு, ஆர் லியோனிசு ஆகிய மூன்று விண்மீன்களுக்கு மிக அண்மையில் அத்தகைய துகள்களைக் கண்டனர். துகளின் ஆரை ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. மேசர் வளையம் இருக்கவேண்டிய அதே பிரதேசத்திலேயே அவையும் இருந்தன. எனினும் எல்லா விண்மீன்களுக்கும் இதுவே போதிய விடையா என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை. வளையத்தின் சமச்சீரின்மைக்கு வேறொரு காரணமும் புலனாகின்றது: 2023இல் ஆர் டொராடூசின் மேற்பரப்பில், ஞாயிற்றைப் போல் 75 மடங்கு பருமனுள்ள வெப்பக் குமிழிகள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுந்து அமிழ்வதைச் சில்லியிலுள்ள அல்மாத் தொலைகாட்டிகள் படமாக்கின. இவ்வாறு கொதிக்கும் பானையின் ஆவி ஒழுங்கான வளையமாய் எழாமை இயல்பே.

இம்மேசர்கள் எதிர்பாராத ஓர் உதவியும் புரிந்தன. தனு இராசியின் திசையில், பால்வீதியின் நடுவே, செறிந்த வானொலி ஊற்று ஒன்று 1974இற் காணப்பட்டது. அதுவே பெருங் கருந்துளை என ஐயுற்றவர், செந்நிறக்கீழ்க் கதிர்ப் படங்களில் அது எப்புள்ளியில் உள்ளதெனக் குறிக்க இயலாது இடர்ப்பட்டனர். ஏனெனில் அப்படங்களில் அது தோன்றவில்லை. வானொலியிலும் செந்நிறக்கீழ்க் கதிரிலும் ஒருங்கே புலப்படும் அடையாளக் கற்கள் வேண்டியிருந்தன. அந்நடுவணிலுள்ள சில செம்பூதங்களின் மேசர்களே அக்கற்களாயின. 1997இல் மென்ரனும் றீடும் எக்காட்டும் கென்சலும் அவற்றைக் கொண்டு இரு படங்களையும் பொருத்தி, கருந்துளையின் இடத்தைக் குறித்தனர். அவ்விடத்தைச் சுற்றிவரும் விண்மீன்களின் ஒழுக்கிலிருந்தே ஞாயிற்றின் திணிவைப் போல் 40 இலட்சம் மடங்கு அங்கே அடங்கியுள்ளது என்பது பின்னர் நிறுவப்பட்டது. அதற்காக 2020இற் கென்சலும் அந்திரேயா கேசும் நோபற் பரிசிற் பங்கு பெற்றனர்.