டிரைவர் இல்லாத லாரி: விளைபொருள் போக்குவரத்தில் என்ன மாறும்?

விளைந்த பொருளுக்கு நல்ல விலை கிடைப்பது விளைச்சலை மட்டும் பொறுத்ததல்ல. பால், காய்கறி, பழம் போன்ற கெட்டுப்போகும் சரக்குகள் சந்தைக்கு எத்தனை நேரத்தில் போய்ச் சேருகின்றன என்பதும் விலையை நிர்ணயிக்கிறது. அமெரிக்காவில் தானே ஓடும் லாரிகள் இந்தப் பயண நேரத்தைக் குறைக்கத் தொடங்கியுள்ளன. இவற்றால் விவசாயிக்கு என்ன பயன், லாரி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு என்ன பாதிப்பு என்பதைக் காண்போம்.

மூன்று நாளில் வெண்ணெய்

கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டுலேர், கறவை மாட்டுப் பண்ணைகள் நிறைந்த பகுதியாகும். விவசாயிகளுக்குச் சொந்தமான 'லேண்ட் ஓ லேக்ஸ்' கூட்டுறவு நிறுவனம் 2019 டிசம்பரில் அங்கிருந்து சுமார் 18 டன் வெண்ணெயைக் குளிர்சாதன லாரியில் அனுப்பியது. சுமார் 4,500 கி.மீ. தொலைவிலுள்ள பென்சில்வேனியா மாநிலத்துக்கு, மழையையும் பனியையும் மலைப் பாதையையும் கடந்து, மூன்று நாளுக்குள் சரக்கு போய்ச் சேர்ந்தது. வழியின் பெரும்பகுதியில் லாரியை ஓட்டியது கம்ப்யூட்டரே. பாதுகாப்புக்காக ஒரு டிரைவரும் ஒரு பொறியாளரும் உடன் சென்றனர்.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு டிரைவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம் மட்டுமே லாரி ஓட்டலாம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போனாலும் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கி.மீ.தான் கடக்க முடியும். அந்தக் கணக்கில் இந்த வெண்ணெய் போய்ச் சேர நாலரை நாளாகும். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டினால் நேரம் குறையும். ஆனால் கூலி கூடும். இயந்திரத்துக்கோ தூக்கமும் இல்லை, கூலியும் இல்லை.

எப்படி ஓடுகிறது?

லாரியைச் சுற்றிலும் காமிராக்களும் ரேடார்களும் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றோடு லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரிலுள்ள பொருளின் தூரத்தை அளக்கும் கருவியும் உண்டு. இவை தரும் தகவலைக் கம்ப்யூட்டர் ஆராய்ந்து ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் இயக்குகிறது.

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கிடையே 'அரோரா' நிறுவனம் 2025-ல் டிரைவர் இல்லாமலே சரக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கியது. சில வாரங்களிலேயே, லாரியைத் தயாரித்த நிறுவனத்தின் வேண்டுகோள்படி, இருக்கையில் மறுபடியும் ஓர் ஆள் அமர்த்தப்பட்டார். அவர் ஓட்டவில்லை, கவனிப்பது மட்டுமே அவர் வேலையாக இருந்தது.

ஓட்டுவது மட்டுமா வேலை?

வழியில் லாரி நின்றுவிட்டால் டிரைவர் 10 நிமிடத்துக்குள் இறங்கி, சாலையில் எச்சரிக்கை முக்கோணங்களை வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆளில்லாத லாரியில் இதை யார் செய்வது? முக்கோணத்துக்குப் பதிலாக லாரியிலேயே மின்னும் விளக்குகளைப் பொருத்த நிறுவனங்கள் அனுமதி கேட்டன. 2024 டிசம்பரில் அரசு மறுத்தது. 2025 அக்டோபரில் தற்காலிக விலக்கு அளித்தது.

பண்ணையில் டிரைவருக்கு வேலை இன்னும் அதிகம். பால் டேங்கர் டிரைவர் அங்கே உரிமம் பெற்ற பரிசோதகரும் ஆவார். அவர் பாலை முகர்ந்து பார்த்து, வெப்பநிலையைக் குறித்து, அளவெடுத்து, நன்றாகக் கலக்கி மாதிரி எடுத்த பிறகே டேங்கரில் ஏற்றுகிறார். கெட்ட பாலை அவர் தவறிப்போய் ஏற்றிவிட்டால் டேங்கர் முழுவதும் பாழ். கால்நடை ஏற்றிச் செல்பவரோ வழியில் நிறுத்தி, மாடு ஏதேனும் விழுந்து மிதிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றைச் செய்ய ஸ்டியரிங் பிடிக்கும் கம்ப்யூட்டர் போதாது.

மேலும், விளைபொருள் ஏற்றிய இடத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 278 கி.மீ. தூரத்துக்குள், ஓட்டும் நேரக் கட்டுப்பாட்டிலிருந்து அங்கு விலக்கு உண்டு. ஆகவே பண்ணையிலிருந்து அருகிலுள்ள ஆலைக்குப் போகும் லாரியில் ஆளை நீக்குவதால் மிச்சமாகும் நேரம் குறைவு. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில்தான் லாபம் அதிகம். எனவே நெடுஞ்சாலையில் இயந்திரமும், இரு முனைகளிலும் மனிதரும் ஓட்டும் முறை பேசப்படுகிறது.

டிரைவர்களின் பிழைப்பு

இம்முறை பரவினால் சுமார் 2 லட்சத்து 94 ஆயிரம் நெடுந்தூர டிரைவர் வேலைகளுக்கு ஆபத்து நேரலாம் என்று சமூகவியல் ஆய்வாளர் ஸ்டீவ் விசெல்லி 2018-ல் மதிப்பிட்டார். உள்ளூர் ஓட்டத்தில் புதிய வேலைகள் பிறக்கும். ஆனால் அவற்றின் கூலி குறைவாக இருக்கக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் டிரைவருக்கு உள்ளூர் வேலை நிம்மதிதான். ஆனால் நிம்மதி மட்டும் குடும்பத்தை நடத்தாது. இந்தியாவில் மத்திய போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023-ல், லட்சக்கணக்கான டிரைவர்களின் வேலை போய்விடும் என்பதால் டிரைவரில்லாக் கார்களை அனுமதிக்கமாட்டேன் என்று கூறியது நினைவிருக்கலாம்.

விவசாயி கவனிக்க வேண்டியது

ஆளில்லாத லாரியில், வழியில் சரக்கைத் திருத்தி அடுக்கவோ, தளர்ந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டவோ கை இருக்காது. ஆகவே ஏற்றுமுன்பே விளைபொருளைக் குளிர்வித்து, தரம் பிரித்து, ஆடாமல் அடுக்கும் பொறுப்பு பண்ணையின் மேல் விழும்.

வாடகை மிச்சமானால் அது யாருக்குச் சேரும் என்பதும் முக்கியமான கேள்வி. தனி விவசாயி ஒரு லாரிச் சரக்குக்கு வாடகை பேசுவது கடினம். டுலேர் வெண்ணெயை அனுப்பியது ஒரு கூட்டுறவு நிறுவனம் என்பதை மறந்துவிடக் கூடாது. சரக்கை ஒன்றுசேர்த்து அனுப்பும் விவசாயிகளே வாடகைக் குறைப்பில் பங்கு கேட்க முடியும். லாரியை ஓட்டுவது மனிதரானாலும் இயந்திரமானாலும் இதில் மாற்றமில்லை.