சினூக்கும் டின்ஸ்லியும்

சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களில் மட்டும், ஆளுக்கு 12 காய்களோடு ஆடுவது செக்கர்ஸ். எதிரியின் காயைத் தாண்டிக் குதித்தால் அது வெட்டு. பார்க்க எளிய ஆட்டம்தான். ஆனால் இதில் அமையக்கூடிய காய் நிலைகளின் எண்ணிக்கை, 5-க்குப் பின்னால் 20 சுழியங்கள்!

இந்த ஆட்டத்துக்கென்றே 1989-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழு உருவாக்கத் தொடங்கிய கணினி நிரல் சினூக். எதிரே உட்கார்ந்தவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் மேரியன் டின்ஸ்லி. 40 ஆண்டுகளில் அவர் தோற்ற ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1992-ல் லண்டனில் சினூக்கையும் 4-2 என்று வென்றார். மற்ற 33 ஆட்டங்கள் சமன். அந்த நான்கில் ஒன்று, நிரல் நடுவில் முடங்கிப்போனதால் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1994-ல் பாஸ்டனில் மறுபோட்டி. ஆறு ஆட்டங்கள், ஆறும் சமன். உடல்நலம் குன்றி டின்ஸ்லி விலக, பட்டம் சினூக்குக்குப் போனது. மறு ஆண்டே அவர் காலமானார்.

ஷேஃபர் விடவில்லை. கணினிகள் ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டன. 2007-ல் விடை வெளியானது: இருவருமே பிழையில்லாமல் ஆடினால் செக்கர்ஸ் சமனில்தான் முடியும்.