கூறைப்பட்டு உடுத்திய திருமகள்

1894-ஆம் ஆண்டு பம்பாயில் ராஜா ரவிவர்மா நிறுவிய கல்லச்சகத்தின் வாயிலாகத் திருமகளும் கலைமகளும் எளியோர் இல்லங்களிலும் எழுந்தருளினர். அப்படங்களுக்குப் பட்டும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி ஆடை சாற்றியது நம் பாட்டிமார் கைவேலை. செட்டிநாட்டு வீடுகளில் அவற்றை இன்றும் காணலாம்.

அடுக்ககத்துச் சிறு கூடத்துக்கு ஒரு சாண் அகலப் படமே போதும். பெட்டியில் மடிப்போடு இற்றுவரும் தாயாரின் கூறைப்புடவையை எடுங்கள். கத்தரி வைக்க மனம் வராதுதான். ஆயினும் பெட்டியிலேயே பொடியாவதைவிட அன்னையின் திருமேனியைச் சேர்வது மேலல்லவா!

துணியின் பின்புறம் மெல்லிய தாளை ஒட்டிக் காயவிட்டால், வெட்டும்போது நூல் பிரியாது. பிறகு படத்திலுள்ள ஆடையின் வடிவைத் தாளில் பிரதி எடுத்து, அதன்படி வெட்டி ஒட்டுங்கள். மைதாப் பசை வேண்டா, பூச்சி அரிக்கும். திருமுகத்தையும் திருக்கரங்களையும் திருவடிகளையும் மறைக்கலாகாது. கண்ணாடி ஜரிகையை அழுத்தாதவாறு சட்டத்தில் சற்று இடைவெளி விடச் சொல்லுங்கள். ஓதம் ஏறும் சுவர் ஆகாது.

பார்வை மங்கியவர்கள் வெட்டும் வேலையைப் பேத்தியிடம் விடலாம். எந்தப் புடவை, யாருடைய திருமணத்துக்கு எடுத்தது என்பதைப் படத்தின் பின்புறம் அவள் கையாலேயே எழுதச் செய்யுங்கள்.