கனடாவில் பொறியியல்: எந்தப் பல்கலைக் கழகம்?

“டொராண்டோ சிறந்ததா, வாட்டர்லூ சிறந்ததா?” என்று நம் சங்கத்து நண்பர்கள் அடிக்கடி வினவுகிறார்கள். தம்பிக்கோ தங்கைக்கோ இடம் தேடுகிறவர்கள் சிலர். தாமே மேற்படிப்புக்குச் செல்ல விழைவோர் சிலர். உலகத் தரவரிசைப் பட்டியலைப் புரட்டி விடை சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்பட்டியல்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிப் புகழை எடைபோடுபவை. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் தந்தைக்கு வேண்டிய கணக்கு வேறு.

கனடாவில் பொறியியல் பட்டப் படிப்புகளை ஆராய்ந்து அங்கீகாரம் அளிப்பதற்கென்றே 1965-இல் ஒரு வாரியம் அமைந்தது. அவ்வங்கீகாரம் பெற்ற படிப்பை எந்த ஊரில் முடித்தாலும், உரிமம் பெற்ற பொறியாளராவதற்கான கல்வித் தகுதி ஒன்றே. ஆகவே பெரிய பெயருடைய இடத்தில் அனுமதி கிட்டவில்லையே என்று ஏங்குவதில் பொருளில்லை. வேற்றுமையெல்லாம் படிப்பு நடக்கும் முறையிலும் பணத்திலுந்தான்.

வாட்டர்லூ 1957-இல் 74 மாணவர்களுடன் தொடங்கியது. அன்று முதலே அங்கு வகுப்பும் ஊதியத்துடன் வேலையும் மாறி மாறி நடக்கின்றன; இப்போது பெரும்பாலும் நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் வேலை. பொறியியல் மாணவர் எவருக்கும் இதில் விலக்கில்லை. பட்டம் பெற ஐந்தாண்டு நெருங்கிவிடும். ஆயினும் வெளிவருகிறவன் கையில் இரண்டாண்டுக்குச் சற்றேறக்குறைய அனுபவமிருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பல்கலைக் கழகம் வேலையைத் தட்டில் வைத்துத் தருவதில்லை. விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வில் வென்று, மாணவனே பெற வேண்டும். அந்த ஊதியத்தை நம்பிக் கட்டணக் கணக்குப் போடுவது ஆபத்து.

டொராண்டோவில் வேலைப் பயிற்சி அவரவர் விருப்பம். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டுக்குப் பின் 12 முதல் 16 மாதம் ஒரே மூச்சாகச் செய்யலாம். அங்குள்ள ‘இன்ஜினியரிங் சயன்ஸ்’ படிப்பில் முதல் இரண்டாண்டும் கணிதமும் பௌதிகமும் ஆழமாக நடக்கும், பிறகே பிரிவு. நான் விஞ்ஞான மாணவன். இதன்பால் எனக்குச் சார்பு உண்டு. வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. விரும்பிய பிரிவு கிடைப்பது அவ்வாண்டு மதிப்பெண்ணைப் பொறுத்தது. கம்ப்யூட்டர் பிரிவுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் இதை எண்ணிப் பார்க்க.

ரூதர்போர்டு 1898 முதல் 1907 வரை பணியாற்றிய மக்கில், மாண்ட்ரீலில் உள்ளது. போதனை ஆங்கிலத்தில், ஆனால் அம்மாகாணத்தில் பொறியாளராக உரிமம் பெறப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். நியூபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியலைப் பற்றி நம்மவர் பேசுவதே இல்லை. கப்பற் கட்டுமானம் அங்கே தனிப் பிரிவு. வேலைப் பயிற்சியும் கட்டாயம். டொராண்டோவில் அயல்நாட்டு இளநிலைப் பொறியியல் மாணவர் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் கட்டணம் செலுத்த, இங்கே அதில் பாதிகூட இல்லை. பனியும் குளிர்காற்றும் மிகுதி, அவ்வளவே.

கட்டணம் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்குக் கையிருப்புக் காட்ட வேண்டிய தொகையைக் கனடா அரசு 2024-இல் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் உயர்த்தியது. பழைய மாணவர் சொல்லும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

நிற்க. முதுநிலைக்குச் செல்வோர் ஊரைவிடப் பட்டத்தின் பெயரையே முதலில் பார்க்க வேண்டும். எம்.ஏ.எஸ்ஸி. ஆராய்ச்சிப் பட்டம், ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வேடு எழுதுவது, பெரும்பாலும் உதவித் தொகை உண்டு. எம்.இங். வகுப்புப் பாடங்களால் ஆனது. செலவு முழுதும் பெரும்பாலும் நம்முடையதே. ஒரே துறை, ஒரே கட்டடம். ஆனால் ஒருவன் உதவித் தொகை பெற்றுப் படிக்கிறான், மற்றவன் கடனோடு திரும்புகிறான். முதல் வகைக்கு உங்களை ஏற்கும் பேராசிரியர் வேண்டும். அவருக்குக் கடிதம் எழுதுமுன் அவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிடுங்கள். எல்லோருக்கும் அனுப்பிய ஒரே கடிதத்தை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள்.