பழைய மார்ட்டினிக்குப் புதுக் குழல்

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார் 'வலிய கப்பித்தான்' டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர் அவர். பிறகு அதே மன்னருக்குப் படை பழக்கினார். 1777-இல் இறந்தார். கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் பட்டறையும் அவர் பொறுப்பில் நடந்தது. அங்கே வார்த்த பீரங்கியானாலும் சரி, அன்றைய சிப்பாயின் துப்பாக்கியானாலும் சரி, குழலின் பின்பக்கம் அடைத்தே இருக்கும். மருந்தும் குண்டும் முன்வாய் வழியாகத்தான் உள்ளே போகும். நீளக் குச்சியால் மருந்தைக் கெட்டித்து முடிக்கும்வரை சிப்பாய் எதிரிக்குக் குறியாக நிற்க வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் அந்தப் பின்வாய் திறந்தது. திறந்து, தோட்டாவை வாங்கி, இறுக மூடி, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் இரும்புக் கூட்டுக்குத்தான் 'ஆக்‌ஷன்' என்று பெயர். துப்பாக்கியின் உயிர் அதில்தான் இருக்கிறது. குழல் தேயும், கட்டை உளுக்கும். நல்ல ஆக்‌ஷன் நூறாண்டு தாண்டியும் நிற்கும். அதனால்தான் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய ஒற்றைத்தோட்டா ஆக்‌ஷன்களைத் தேடி வாங்கி, புதுக் குழலும் புதுக் கட்டையும் பொருத்திக்கொள்ளும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவோடு நெருங்கிய உறவுள்ள ஆக்‌ஷன் மார்ட்டினி-ஹென்றி. அமெரிக்கர் பீபாடி 1862-இல் காப்புரிமை பெற்ற அமைப்பை, சுவிட்சர்லாந்தின் ஃபிரெடெரிக் வான் மார்ட்டினி திருத்தினார். குழலுக்குள் ஓடும் சுழல்வரிகளை எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி வகுத்தார். 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றது. விசைக்குப் பின்னால் கைப்பிடியை ஒட்டியிருக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்தால், உள்ளே ஓர் இரும்புக் கட்டி முன்பக்கம் தாழ்ந்து சரிவு போல நிற்கும். அதன் மேல் வைத்த தோட்டா குழலுக்குள் வழுக்கிப் போகும். நெம்புகோலை மேலே தள்ளினால் வாய் அடைபடும். சுட்ட பிறகு மறுபடி இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். வலப்பக்கம் நீர்த்துளி வடிவில் ஒரு சின்ன முள் இருக்கிறது. சுடத் தயாரா இல்லையா என்பதை அது திரும்பியிருக்கும் நிலையே சொல்லிவிடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே உறுப்புகள் வெகு குறைவு. வேலைப்பாட்டின் அழகே அந்தச் சிக்கனத்தில்தான்.

இது இந்தியச் சிப்பாய் கைக்கு உடனே வரவில்லை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு, வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே இந்தியருக்குக் கொடுப்பது ஆங்கிலேயர் கொள்கை. அவர்கள் மார்ட்டினி ஏந்தியபோது இவர்கள் தோளில் ஸ்னைடர். அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறிய பிறகே மார்ட்டினி இந்தப் பக்கம் இறங்கியது. ஒரே போர்க்களத்தில் நின்றவர்களுக்கு இப்படி ஓர் அநீதி.

2003-இல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா மாளிகையில் கிடந்த பழைய துப்பாக்கிகளை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. சந்தைக்கு மார்ட்டினிகள் குவிந்தன. கூடவே, கெஹேந்திர சம்ஷேர் ராணாவின் பெயரில் நேபாளத்திலேயே கையால் செய்த துப்பாக்கிகளும் வந்தன. பார்க்க மார்ட்டினியின் உடன்பிறப்பு போலவே இருக்கும். ஆனால் ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் பொருந்தாது, இரும்பின் தரமும் நிச்சயமில்லை. இவற்றைச் சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது என்பதே சேகரிப்பாளர்களின் எச்சரிக்கை.

புதுக் குழல் பொருத்த ஆக்‌ஷனைத் தேர்வு செய்பவர் அழகில் மயங்காமல் முதலில் பார்க்க வேண்டியது இரும்பைத்தான். அந்தக் காலத்து ஆக்‌ஷன்கள் அடர்ந்த புகை கக்கும் பழைய வெடிமருந்துக்காகச் செய்தவை. இன்றைய புகையில்லா மருந்து எழுப்பும் அழுத்தம் அதைவிட வெகு அதிகம். நல்ல மார்ட்டினியை ராணுவமே பின்னாளில் .303 தோட்டாவுக்கு மாற்றியது உண்மைதான். அதற்காக எல்லா மார்ட்டினியும் தாங்கும் என்று எண்ணினால் முகத்தருகே வெடிக்கும். எந்தத் தோட்டாவுக்குச் சோதித்தார்கள் என்பதை லண்டன், பர்மிங்காம் சோதனைச்சாலைகளின் முத்திரை சொல்லும். ஆண்டும் முக்கியம்: அமெரிக்கச் சட்டப்படி 1898 வரை செய்தவையே தொன்மைப்பொருள். ஆஸ்திரேலிய மாணவர் படைக்காகச் செய்த சின்ன 'கேடட்' மார்ட்டினிகள் இந்த வேலைக்கு மிக உகந்தவை. ஆனால் அவை இருபதாம் நூற்றாண்டில் பிறந்தவை.

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும் உருமாற்றுவதும் குற்றம். 2019 திருத்தத்தின்படி அதற்கு ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறை. உரிமம் உள்ளவரும் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் சட்டத்தில் விலக்கு. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி அகப்பட்டால், துடைத்து எண்ணெய் போட்டு அழகு பார்க்கும் ஆசையை ஒத்திவைத்துவிட்டு முதலில் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.