பழைய அம்பாசடருக்கு ரோலரில் பெயின்ட்: எதை வாங்கணும்?

மேல்பட்டாம்பாக்கத்திலோ நெய்வேலியிலோ உங்க வீட்டு வாசலில் பழைய அம்பாசடர் நிற்கிறதா? 2014-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. ஸ்ப்ரே இல்லாமல், ரோலரிலேயே பெயின்ட் அடிக்கலாம். ஆனா எந்தப் பெயின்ட் என்பதில்தான் விஷயமே இருக்கு.

என்.சி. பெயின்ட் வேண்டாம். தின்னர் சட்டென ஆவியாகி, ரோலர் தடம் அப்படியே நின்றுவிடும். பழைய எனாமல் மேல் அடித்தால் சுருங்கி உரியவும் செய்யும். சிந்தெடிக் எனாமல் மெதுவாகக் காய்வதால், தடம் தானாகச் சமன்படும். டர்பன்டைன் கலந்து, ஸ்பான்ஜ் ரோலரில் மெல்லிசாக அடிங்க. ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்தபின் வாட்டர் பேப்பர் போடணும்.

துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காவிட்டால், எதுவும் நிற்காது.

டூ-கே பியூ இன்னும் நீடிக்கும். ஆனா அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. மூடிய ஷெட்டில், வெறும் துணி மாஸ்க்கோடு அதைத் தொடாதீங்க.