பால்வீதியை நோக்கி ஒரு முகில்

நம் சூரியன் இருக்கும் பால்வீதி என்ற கேலக்சிக்கு வயது ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேல். இன்றும் அதில் விண்மீன்கள் பிறக்கின்றன. ஆண்டுதோறும் ஒன்றிரண்டு சூரியன்களைச் செய்யும் அளவு வாயு அதற்குச் செலவாகிறது. இருக்கும் வாயு இந்த வேகத்தில் சில நூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் வரும். பிறகு எப்படி இத்தனை காலம் தீராமல் இருக்கிறது? இறைக்க இறைக்க வற்றாத கிணற்றில் ஊற்று இருக்கும் அல்லவா? பால்வீதிக்கும் வெளியிலிருந்து வாயு வந்துகொண்டிருக்கிறது!

அப்படி வரும் ஒரு முகிலை 1963-இல் நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக மாணவி கெயில் ஸ்மித் கண்டுபிடித்தார். அது கண்ணுக்குத் தெரியாது. அதிலுள்ள ஹைட்ரஜன் வெளியிடும் ரேடியோ அலைகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. அவர் பெயராலேயே அது ‘ஸ்மித் முகில்’ ஆயிற்று. நிறை, பத்து லட்சம் சூரியன்களுக்கும் மேல். நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகிறது. இன்னும் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளில் தட்டு வடிவிலான பால்வீதியில் மோதும். அப்போது அங்கே புதிய விண்மீன்கள் கூட்டமாகப் பிறக்கும்.

இந்த வாயு எங்கிருந்து வந்தது? ஹப்பிள் தொலைநோக்கி துப்புத் துலக்கியது. முகிலுக்குப் பின்னால் வெகு தொலைவில் ஒளிரும் கேலக்சிகளின் ஒளி, அதை ஊடுருவி நம்மிடம் வருகிறது. அந்த ஒளியை ஆராய்ந்தபோது முகிலில் கந்தகம் இருப்பது தெரிந்தது. 2016-இல் இந்த முடிவு வெளியானது. கந்தகம் விண்மீன்களால் மட்டுமே உண்டாவது. அப்படியானால் இது முன்பே ஒரு கேலக்சிக்குள் இருந்த வாயு! பால்வீதியின் வெளி விளிம்பிலிருந்து சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது, இப்போது வீடு திரும்புகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு மிகவும் பிடித்த வானியல் செய்தி இதுதான்.

எல்லாக் கேலக்சிக்கும் இப்படி வாய்ப்பதில்லை. எம்87 கேலக்சியின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை, சுற்றியுள்ள வாயுவைச் சூடாகவே வைத்திருக்கிறது. வாயு குளிர்ந்து சுருங்கினால்தான் விண்மீன் பிறக்கும். அதனால் அங்கே பெரும்பாலும் வயதான, செம்மஞ்சள் விண்மீன்களே இருக்கின்றன.

எம்82 என்ற கேலக்சி இதற்கு நேர்மாறு. 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதில் விண்மீன்கள் அவசர அவசரமாகப் பிறக்கின்றன. அவற்றில் மிகப் பெரியவை சீக்கிரமே வெடித்துச் சிதறுகின்றன. அந்த வேகத்தில் வாயு மேலும் கீழுமாகப் பீறிட்டு வெளியேறுகிறது.

ஏப்ரல் மாத முன்னிரவில் எம்82 வட வானில், சப்தரிஷி மண்டலப் பக்கம் இருக்கும். தொலைநோக்கி வைத்திருப்பவர் யாரேனும் அருகில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய வெண்கீற்றாகத் தெரியும்.